சிவப்புக் காருக்கு எந்த ஆயில்?

கோயம்புத்தூருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் ஒரு கார் பந்தயத் தளம் இருந்தது. அங்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். நாற்பதைத் தாண்டியிருந்தார். அதிகம் பேசமாட்டார். மாணவர்கள் அவரை வாத்தியாரம்மா என்று அழைத்தார்கள். முதலில் கேலியாகச் சொன்னது, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது.

மாணவர்களில் மூத்தவர் சென்னியப்பன். வாத்தியாரம்மாவைவிட வயதில் மிகவும் பெரியவர். என்ஜின் ஆயில் தயாரிப்பது அவர் தொழில். கொங்கு நாட்டு டிராக்டர்களிலும் லாரிகளிலும் அவருடைய சேவல் மார்க் ஆயில் ஓடியது. மஞ்சள் டின்னில் சிவப்புச் சேவல். நல்ல ஆயில் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட.

அறுபதை நெருங்கும்போது அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வெளிநாட்டில் செய்த சிவப்புக் கார். அதை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் தளத்துக்கு வந்தார்.

ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"காருக்கு ஆயில் மாத்தற நேரம் வந்திருச்சு. எந்த ஆயில் ஊத்தட்டும்?"

ஜெசிந்தா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கே ஆயில் விக்கறீங்க. என்னைக் கேக்கறீங்க?"

"விக்கறதுனாலதானுங்க கேக்கறேன்."

சென்னியப்பனின் சங்கடம் இதுதான். கார் இன்னும் வாரண்டியில் இருந்தது. ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், டின்மேல் கார் கம்பெனியின் எந்த ஒப்புதல் எண் இருக்க வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. வேறு ஆயிலை ஊற்றி என்ஜின் கெட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. சேவல் மார்க் டின்னில் அந்த எண் கிடையாது.

ஆனால் போன வருடம், கார் வாங்கிய சந்தோஷத்தில், டீலர்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "அடுத்த வருசம் இதே மேடைல, உங்க கண்ணு முன்னால, நம்ம சேவலை என் கார்ல ஊத்திக் காட்டறேன்!" மண்டபமே விசில் அடித்தது.

அடுத்த வருடம் வந்துவிட்டது. கூட்டம் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை.

"ஊத்துனா வாரண்டி போயிரும். ஊத்தலீன்னா என் பேரு போயிரும். உடுமலை டீலரு ரங்கராசு இப்பவே போன் போட்டுட்டான். 'ஏனுங்க மொதலாளி, நம்ம ஆயிலு எங்க வண்டிக்கு மட்டுந்தானா, உங்க வண்டிக்கும் ஆகுமா?'ங்கறான்."

"உங்க ஆயில் நல்ல ஆயில்தானே?"

"அதுல உங்களுக்குச் சந்தேகமா?"

"இல்லை."

"அப்புறமென்னங்க? புத்தகம் எழுதுனவன் பனி கொட்டற ஊர்க்காரன். தண்ணியாட்டம் ஆயிலு ஊத்தச் சொல்றான். நம்ம சித்திரை வெயிலு அவனுக்குத் தெரியுமா? இங்க கெட்டி ஆயிலுதான் நிக்கும்."

கேள்வி கேட்க வந்தவர் பதிலையும் தானே சொல்லி முடித்தார்.

"நாளைக்கு ஒரு டின் கொண்டு வாங்க" என்றார் ஜெசிந்தா.

மறுநாள் சென்னியப்பன் சலவைச் சட்டையில் வந்தார். டின்னைச் சீர்த்தட்டு போல இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். நேராகத் தன் சிவப்புக் காரிடம் போனார்.

"அங்க இல்லைண்ணா. இங்க."

கொட்டகைக்குள் ஜெசிந்தாவின் சொந்தக் கார் நின்றது. நீல நிறம். முன்மூடி திறந்திருந்தது. பழைய ஆயிலை அவர் காலையிலேயே இறக்கி வைத்திருந்தார்.

"ஊத்துங்க."

"இதுலீங்களா?"

"நல்ல ஆயில்தானே. ஊத்துங்க."

சென்னியப்பன் டின்னின் மூடியில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"இது எந்த வருசத்து வண்டிங்க?"

"எதுக்கு?"

"சும்மாதானுங்க. டர்போ இருக்குதுங்களா?"

"இருக்கு."

"இதுவரைக்கும் என்ன ஊத்துனீங்க?"

"ஏதோ ஊத்தினேன்."

"ஏதோன்னா?" சென்னியப்பனின் குரலில் முதலாளியின் கண்டிப்பு ஏறியது. "ஏதோன்னு சொன்னா எப்படிங்க? இது என்ஜினா, அண்டாவா? வண்டிப் புத்தகம் எங்கீங்க? அதைப் பாக்காம எப்படி ஊத்தறது?"

"அதை எழுதினவரும் பனி கொட்டற ஊர்க்காரர்தாண்ணா."

சென்னியப்பன் உரக்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

டின்னைக் கீழே வைத்தார்.

"உங்க என்ஜினுக்கு ஏதாச்சும் ஆனா நான் பதில் சொல்லோணுமே" என்றார்.

"உங்க என்ஜினுக்கு ஆனா யார் பதில் சொல்றது?"

"கம்பெனிக்காரன். எழுதிக் குடுத்திருக்கான்."

"எதை ஊத்தினா?"

சென்னியப்பன் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொழில் தெரிந்தவராகப் பேசினார்.

"அந்த என்ஜினுக்குள்ள வழியெல்லாம் ரொம்பக் குறுகலுங்க. காலைல மொதத் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது கெட்டி ஆயிலு மேல போய்ச் சேரறதுக்குள்ள தேய்மானம் ஆயிரும். வெயிலுக்கும் சேர்த்துத்தான் அவன் கணக்குப் போட்டிருக்கான். எனக்குத் தெரியாததில்லை."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

ஜெசிந்தா தன் காருக்குரிய ஆயில் கேனை அலமாரியிலிருந்து எடுத்தார். சென்னியப்பன் அதை வாங்கி, மேலே எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு புனல் வைத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தன் கையாலேயே ஊற்றினார்.

"சரிங்க. என் காருக்கும் புத்தகத்துல சொன்ன ஆயிலுதான். அது முடிஞ்சுது. மேடைக்கு என்ன பண்றது?"

வெளியே மாணவர்கள் காத்திருந்தார்கள். ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போய்விட்டார்.

மேடைக்கு என்ன செய்வது என்பதை அந்த வாரம் சென்னியப்பனின் மேனேஜர் திருமூர்த்தி கண்டுபிடித்தார்.

"மொதலாளி, இதுக்கா இவ்வளவு யோசனை? டின்னு நம்மளுது. மூடி அடிக்கற மெஷினும் நம்மளுது. புத்தகத்துல சொன்ன கம்பெனி ஆயிலை வாங்கி நம்ம டின்னுல அடைச்சுட்டாப் போச்சு. என்ஜினுக்கு அவன் ஆயிலு. கூட்டத்துக்கு நம்ம சேவல். வாரண்டியும் நிக்கும், நீங்க குடுத்த வாக்கும் நிக்கும்."

சென்னியப்பன் அவரையே பார்த்தார்.

"திருமூர்த்தி, உன்னை இத்தனை நாளு கணக்குப் பாக்க மட்டும் வெச்சிருந்தது என் தப்பு" என்றார். அந்த வாரத்தில் முதன்முறையாக அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை அந்த டின்னோடு தளத்துக்கு வந்தார். ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

"மேனேஜர் நல்லா யோசிச்சிருக்காரு" என்றார் ஜெசிந்தா.

"இதுல பொய் எங்கீங்க இருக்குது? நம்ம ஆயிலு நல்ல ஆயிலுங்கறது நெசம். என்ஜினுக்குச் சரியான ஆயிலு போகுதுங்கறதும் நெசம். ரெண்டு நெசத்தை ஒரே டின்னுல வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"குடுங்க, பாக்கறேன்."

ஜெசிந்தா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி, முத்திரை, சேவல் எல்லாம் சரியாக இருந்தன.

"வித்தியாசமே தெரியலை."

"நம்ம மெஷினுங்க. எப்படித் தெரியும்?"

தளத்தில் புல் வெட்டும் டிராக்டருக்கும் தண்ணீர் லாரிக்கும் சேவல் மார்க் ஆயில்தான் வாங்கினார்கள். கொட்டகை அலமாரியில் மஞ்சள் டின்கள் வரிசையாக இருந்தன. ஜெசிந்தா கையிலிருந்த டின்னை அந்த வரிசையின் நடுவே வைத்தார். பிறகு ஓரத்து டின்னை நடுவுக்கும், நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றினார். மேல்தட்டில் இருந்ததைக் கீழே இறக்கினார், கீழே இருந்ததை மேலே ஏற்றினார். வேகமாகச் செய்தார்.

"ஏனுங்க! ஏனுங்க! என்ன பண்றீங்க?"

ஜெசிந்தா விலகி நின்றார்.

"எடுத்துக்குங்கண்ணா. நாளைக்கு மேடைக்கு வேணுமே."

சென்னியப்பன் அலமாரி முன்னால் போய் நின்றார். ஒரு டின்னைத் தூக்கினார். காதருகே வைத்துக் குலுக்கினார். வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கினார். எல்லாச் சேவல்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"தொறந்தாத்தானுங்க தெரியும்."

"எதைத் திறக்கறது?"

அவர் பதில் சொல்வதற்குள் டிராக்டர் ஓட்டும் ஆறுச்சாமி உள்ளே வந்தான்.

"அம்மா, டிராக்டருக்கு ஆயிலு மாத்தோணும். ஒரு டின்னு எடுத்துக்கட்டுங்களா?"

"அண்ணனைக் கேளு. அவர் டின்."

ஆறுச்சாமி சென்னியப்பனைப் பார்த்துக் கும்பிட்டான். "நீங்களே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. நம்ம டிராக்டர் பத்து வருசமா உங்க சேவலைக் குடிச்சுட்டுத்தான் ஓடுது மொதலாளி. கைராசி. எடுத்துக்கட்டுங்களா?"

கையை நீட்டி முன்னால் இருந்த டின்னைத் தொட்டான்.

"வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

"ஏனுங்க?"

"வேண்டாம். வெய்யி."

"ஆயிலு கெட்டுப்போச்சுங்களா?"

"கெட்டுப்போகலை."

"அப்புறம் எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

சென்னியப்பனின் கண்கள் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை போய்த் திரும்பின. ஒரு டின்னையும் அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

ஆறுச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாளைக்கு வர்றேனுங்க" என்று மெதுவாக வெளியேறினான்.

பிறகு சென்னியப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டின்களை ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தார். ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். தன் ஆயிலைத் தானே சோதித்துக்கொண்டு அவர் அங்கே சாயங்காலம் வரை இருந்தார். தேடிய டின் கிடைத்ததும் அதைத் தனியே வைத்தார்.

"தொறந்த டின்னுக்கெல்லாம் திங்கக்கிழமை புதுசு அனுப்பி வெக்கறேன்" என்றார்.

"சரிங்கண்ணா."

"நாளைக்குக் கூட்டத்துக்கு நீங்க வரோணும்."

"வர்றேன்."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் சிவப்புக் கார். முன்மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் உடுமலை ரங்கராசு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"ரங்கராசு, உன் கடைக்கு ஒருத்தன் வந்து ஆயிலு கேக்கறான். நீ மொதல்ல என்ன கேப்ப?"

"பழைய பாக்கி எங்கடான்னு கேப்பனுங்க!"

மண்டபம் சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார்.

"அப்புறம்?"

"என்ன வண்டின்னு கேப்பேன்."

"போன வருசம் நான் அதைக் கேக்காமயே இந்த மேடைல பேசிட்டேன்."

மேஜைமேல் துணி போட்டு மூடியிருந்ததை எடுத்தார். சேவல் டின் இல்லை. இன்னொரு கம்பெனியின் கேன். பெயர் எல்லோருக்கும் தெரியும்படி அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிறகு முன்மூடியைத் தூக்கச் சொல்லி, புனல் வைத்து ஊற்றினார். மைக் அருகிலேயே இருந்ததால் ஆயில் இறங்கும் சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது.

ரங்கராசு எழுந்தான்.

"அப்ப இந்த வண்டிக்கு நம்மகிட்ட ஆயிலு இல்லைங்களா?"

"இல்லை."

"இத்தனை ரகம் போடறமே. ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை. இந்த என்ஜினுக்கு நாம இன்னும் ஆயிலு பண்ணலை. பண்ணி, கார் கம்பெனிக்காரன் சோதிச்சு, சரின்னு சொன்னா அன்னைக்கு ஊத்தறேன்."

"அடுத்தவன் டின்னுக்கு மேடை போட்டு, மாலையும் போட்டுக் குடுத்திருக்கீங்க மொதலாளி!"

"மாலை காருக்கு. உக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. தாராபுரத்து டீலர் தனக்குப் போட்ட பொன்னாடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். திருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்.

பந்தியில் சென்னியப்பன் உட்கார்ந்த வரிசையில் அவரை ஒட்டி யாரும் உட்காரவில்லை. ஜெசிந்தா வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"தாராபுரம் திரும்பி வரமாட்டாருங்க. எனக்குத் தெரியும்" என்றார் சென்னியப்பன். "வருத்தமில்லை. ஆனா காசு போட்டு, ஆளு கூட்டி, மைக்கு வெச்சு என் ஆயிலு இல்லைன்னு சொன்னவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"ரசம் நல்லா இருக்கு" என்றார் ஜெசிந்தா.

"நல்லா இருக்குதுங்களா?" சென்னியப்பன் ரசத்தை இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

கை கழுவிய ஈரத்தோடு ரங்கராசு வந்து எதிரில் நின்றான். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"மொதலாளி."

"சொல்லு."

"எங்க ஊரு கயிறு மில்லுல புதுசா ஒரு ஜெனரேட்டர் எறக்கியிருக்காங்க. பெரிசு. அதோட புத்தகத்துல ஆயிலுக்கு இந்த நம்பர் போட்டிருக்குது." செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். "நம்ம சேவலை ஊத்தலாமுங்களா?"

சென்னியப்பன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை படித்தார்.

"ஊத்து."

"சரிங்க."

ரங்கராசு செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இப்படிப் போற ஆளே இல்லைங்க வாத்தியாரம்மா. இவனுக்கு ஒரு டின்னு விக்கறதுக்குள்ள என் தொண்டை வத்திப்போகும். லேப் ரிப்போர்ட் காட்டியிருக்கேன். சென்னிமலை ஆண்டவர் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அப்பவும் 'நெசமாவா'ன்னு நாலு தடவை கேப்பான். இன்னைக்கு ஒரு வார்த்தைல போயிட்டான்."

ஜெசிந்தா இலையை மடித்தார்.

"இதுக்கு முன்னாடி எதுக்காவது அவர்கிட்ட 'இல்லை'ன்னு சொல்லியிருக்கீங்களாண்ணா?"